கோச் முகம் திருப்பினால் ஆட்டக்காரன் எங்கே போவான்?

2018 மார்ச்சில் கொச்சியிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போது டிமிடர் பெர்படோவ் இன்ஸ்டாகிராமில் நாலு வரி எழுதிப் போட்டார். பல்கேரியாவுக்காக 48 கோல் அடித்தவர், மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்வரிசையில் ஆடியவர். கேரளா பிளாஸ்டர்ஸ் மஞ்சள் சட்டையில் அந்த சீசனில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். கோச் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் பந்தைத் தூக்கி ஸ்டிரைக்கரின் நெஞ்சுக்கு அடியுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார், இப்படி யார் ஆடுவது என்று ஆத்திரத்தோடு எழுதியிருந்தார். பெயரைக் குறிப்பிடவில்லை. அன்றைக்கு அணியின் கோச், இங்கிலாந்தின் முன்னாள் கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ். யாரைச் சொல்கிறார் என்று யாரும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

பெர்படோவைக் கேரளாவுக்கு அழைத்து வந்தவர் ஜேம்ஸ் அல்ல. வரவழைத்தவர் ரெனே மியூலென்ஸ்டீன். மான்செஸ்டரில் பெர்படோவோடு வேலை பார்த்தவர், அவர் கால் எந்தப் பந்துக்கு நீளும், எதற்கு நீளாது என்று தெரிந்தவர். 2018 ஜனவரி தொடக்கத்தில் மியூலென்ஸ்டீன் விலகினார், ஜேம்ஸ் வந்தார். வந்தவருக்கு வேறு ஆட்டம் பிடித்திருந்தது. மூன்றே மாதத்தில் கதை முடிந்தது.

பெர்படோவுக்கு அப்போது 37 வயது. பணமும் பேரும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. கோபம் வந்தது, எழுதினார், விமானம் ஏறினார். அதற்குமேல் அவருக்கு நஷ்டமில்லை. இந்தக் கட்டுரையின் கவலை, அப்படி விமானம் ஏற முடியாதவர்களைப் பற்றியது.

நெம்மேலி என்றால் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். சென்னைக்குத் தண்ணீர் போகிற ஊர். அந்த மதிலைத் தாண்டி மணலுக்கு இறங்கினால் வேறொரு நெம்மேலி இருக்கிறது. வலை உதறி முடிந்த சாயங்காலத்தில், அலை பின்வாங்கி மணல் இறுகிக் கிடக்கும் கொஞ்ச நேரத்தில், பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். செருப்பு இரண்டு, கல் இரண்டு, அதுதான் கோல். வெறுங்காலோடு மணலில் ஓடி வளர்ந்தவனுக்குக் கெண்டைக்காலில் வரும் பலம் புல்தரையில் வளர்ந்தவனுக்கு வராது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும், அதற்குத் தெற்கேயும், குப்பத்துக்குக் குப்பம் டீம் உண்டு. மாமல்லபுரத்தில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் தொடங்கிய எஃப்.சி. மெட்ராஸ் அகாடமி வந்த பிறகு, பந்து என்பது சாயங்கால விளையாட்டு மட்டுமல்ல, அது ஒரு பிழைப்பாகவும் ஆகலாம் என்ற எண்ணம் இந்தக் கரையில் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. குமரிக் கடலோரத்து மைக்கேல் சூசைராஜ் ஐ-லீக்கில் ஆடி, ஜாம்ஷெட்பூருக்கும் பிறகு கொல்கத்தாவுக்கும் போனதை டிவியில் பார்த்த பெற்றோர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பையன் போகட்டும், நன்றாக ஆடட்டும். ஆனால் போன இடத்தில் ஒருநாள் கோச் முகம் திருப்பிக்கொள்வார். அது நடக்குமா என்று கேட்க வேண்டாம், நடக்கும். அன்றைக்கு அவன் கையில் என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி.

கூட்டிவந்தவர் போனதும்

கோச்சும் ஆட்டக்காரனும் மோதிக்கொள்ளும் செய்திகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். திமிர், ஒழுங்கீனம், சோம்பல் என்றுதான் தலைப்புகள் சொல்லும். எனக்குத் தெரிவது வேறு. பெரும்பாலும் சண்டை வருவது, ஆட்டக்காரனைக் கூட்டிவந்த கோச் போய், அவனைத் தேர்ந்தெடுக்காத கோச் வந்து உட்கார்ந்த பிறகுதான். பெர்படோவ் கதை அதுதான். ஜேடன் சாஞ்சோ, மார்கஸ் ராஷ்ஃபோர்டு, கார்லோஸ் டெவெஸ் எல்லோருக்கும் ஏறக்குறைய அதுதான் நடந்தது.

சாஞ்சோவை 2021-இல் 7.3 கோடி பவுண்டு கொடுத்து மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது. அடுத்த ஆண்டே எரிக் டென் ஹாக் கோச்சாக வந்தார். 2023 செப்டம்பர் 3, ஆர்சனலோடு ஆட்டம். அணியில் சாஞ்சோ இல்லை. பயிற்சியில் அவர் காட்டிய ஆட்டம் போதவில்லை என்று டென் ஹாக் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அன்று இரவே சாஞ்சோ, அது உண்மையில்லை, நெடுநாளாக என்னைத்தான் பலிகடா ஆக்குகிறார்கள் என்று எழுதினார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. அதன்பின் அவர் தனியாகப் பயிற்சி எடுத்தார். முதல் அணி சாப்பிடும் கூடத்துக்குள்கூட அவருக்கு அனுமதி இல்லை என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதின. 23 வயதுப் பையன், அணியின் மிக விலை உயர்ந்த ஆட்டக்காரர்களில் ஒருவன், தட்டை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் போய்ச் சாப்பிடுகிறான். நாலு மாதம் இப்படிப் போனது. 2024 ஜனவரியில் லோனில், அதாவது இரவல் ஆட்டக்காரனாக, பழைய அணியான டார்ட்மண்டுக்கே திரும்பினார். ஜூன் 1 அன்று வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் ரியல் மாட்ரிட்டை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தார். ஜனவரியில் உதவாதவன் ஜூனில் ஐரோப்பாவின் இறுதிப்போட்டியில். ஆட்டக்காரன் அதே ஆள்தான். இடம்தான் மாறியது.

ராஷ்ஃபோர்டு விஷயத்தில் இன்னும் வேகம். ரூபன் அமோரிம் 2024 நவம்பரில் பொறுப்பேற்றார். டிசம்பர் 15 மான்செஸ்டர் டெர்பிக்கான பட்டியலிலேயே ராஷ்ஃபோர்டு பெயர் இல்லை. ஏழு வயதிலிருந்து அந்த அணியில் வளர்ந்தவர், பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லாவுக்கு லோன், ஜூலையில் பார்சிலோனாவுக்கு லோன்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கோச்சுகளைத் திட்டுவது சுலபம். அது நியாயமல்ல. 25, 30 பேரில் 11 பேரை இறக்க வேண்டியவர் அவர். தோற்றால் முதலில் வேலை போவதும் அவருக்குத்தான். யாரை இறக்குவது என்பதில் அவர் சொல்தான் கடைசிச் சொல், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அணிக்குள் இறக்காமல் இருப்பது அவர் உரிமை. பயிற்சி மைதானத்திலிருந்து தள்ளி வைப்பதும், பிற அணிக்குப் போகவும் விடாமல் இங்கும் ஆட விடாமல் ஒருவனின் சீசனைத் தின்பதும் உரிமையல்ல. கால்பந்தாட்டக்காரனுக்கு மொத்தமாகக் கிடைப்பதே பத்துப் பன்னிரண்டு சீசன்.

மோதல் வந்தால் பிரிந்துதான் ஆக வேண்டும் என்பதுமில்லை. 2011 செப்டம்பர் 27, மியூனிக்கில் பேயர்ன் அணியோடு ஆட்டம். மாற்று ஆட்டக்காரனாக இறங்க டெவெஸ் மறுத்தார் என்று மான்செஸ்டர் சிட்டி கோச் ராபர்ட்டோ மான்சினி பகிரங்கமாகச் சொன்னார். இனி என் அணியில் அவனுக்கு இடமில்லை என்றார். தான் மறுக்கவில்லை, தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றார் டெவெஸ். அர்ஜென்டினாவுக்குப் போய் மூன்று மாதம் உட்கார்ந்துகொண்டார். பிப்ரவரியில் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். மான்சினியும் ஏற்றுக்கொண்டார். ஏப்ரலில் நார்விச்சோடு டெவெஸ் ஹாட்ரிக் அடித்தார், மே மாதம் கோப்பை அந்த அணிக்கு. இரண்டு பேரும் கொஞ்சம் இறங்கி வந்ததால் அணிக்கு 44 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் கிடைத்தது.

நம் ஊரில் சண்டை யாரோடு?

இங்கிலாந்தில் கோச்சோடு சண்டை. இந்தியாவில் பெரும்பாலும் கோச்சுக்குப் பின்னால் நிற்கும் நிர்வாகியோடு சண்டை. நம் கதைகளைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பைச்சுங் பூட்டியாவை எடுத்துக்கொள்வோம். 2009-இல் அவர் இந்திய அணியின் கேப்டன், கிளப் அளவில் மோகன் பகானுக்கு ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு டிவியில் நடனப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டார், ஜெயிக்கவும் செய்தார். கால்பந்தில் இவருக்கு அக்கறை குறைந்துவிட்டது என்று கிளப் நிர்வாகிகள் சிலர் பேச, விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. டிரெஸ்ஸிங் ரூமில் நடந்த மனக்கசப்புக்கும் அவரையே காரணம் காட்டினார்கள். அவமானப்பட்டுவிட்டேன், இனி மோகன் பகானுக்கு ஆட மாட்டேன் என்று ஜூன் மாதம் அறிவித்தார் பூட்டியா. கிளப் அவரை ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்தது. ஜூலையில் அவர் எதிர் அணியான ஈஸ்ட் பெங்காலோடு ஒப்பந்தம் போட்டார். கொல்கத்தாவில் இது வெறும் டிரான்ஸ்பர் இல்லை, கரை மாறுவது. வழக்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆட்டக்காரர் தகுதிக் குழுவுக்குப் போய், இடைக்கால நிவாரணம் கிடைத்து, அவர் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார்.

கிளப்பால் ஒதுக்கப்பட்ட அதே ஆள்தான் ஆகஸ்ட் 31 அன்று டெல்லியில் சிரியாவை வென்று நேரு கோப்பையைக் கையில் ஏந்தினார், கேப்டனாக. ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று 2006-இல் முன்னின்றவரும் அவர்தான். சங்கத்தின் முகமாக இருந்தவருக்கே இந்த நிலை. பெயர் தெரியாத ஒரு பத்தொன்பது வயதுப் பையனை நோட்டீஸ் அனுப்பாமலேயே வீட்டுக்கு அனுப்பிவிட முடியும். அனுப்புகிறார்கள்.

சென்னைக்கு வந்த ஒரு கதையும் உண்டு. கண்ணூர்க்காரர் சி.கே. வினீத், கேரளா பிளாஸ்டர்ஸின் செல்லப் பிள்ளையாக இருந்தவர். கோல் வராத சீசனில் அதே ரசிகர்கள் சமூக ஊடகத்தில் அவரைக் கிழித்தார்கள். 2019 ஜனவரி டிரான்ஸ்பர் விண்டோவில் அவரும் ஹாலிசரண் நர்சாரியும் லோனில் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார்கள். முந்தைய சீசனில் கோப்பை வென்ற சென்னையின் அந்த சீசனில் கடைசி இடத்தில் கிடந்தது. ஒரு இடத்தில் வேண்டாதவராகி, வேண்டியவராக வந்து சேர்ந்த இடத்திலும் எல்லாம் சரிந்துகொண்டிருந்தது. லோன் என்பது ஓய்வு இல்லம் இல்லை. போகிற அணி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் ஒரு தலைவலி இரண்டாகும்.

வினீத்திடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. அவர் திருவனந்தபுரம் ஏ.ஜி. ஆபீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பார்த்தவர். நாட்டுக்கும் கிளப்புக்கும் ஆடப் போனதால் வருகைப் பதிவு குறைந்தது என்று 2017-இல் அந்த வேலை போனது. ஒருகாலத்தில் சென்னை லீக்கில் வருமான வரித்துறை, இந்தியன் வங்கி, ஏ.ஜி. ஆபீஸ், ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று டிபார்ட்மென்ட் அணிகள்தான் அரசாண்டன. கோச்சுக்குப் பிடிக்காமல் ஒரு சீசன் வெளியே உட்கார்ந்தாலும் மாதம் முதல் தேதி சம்பளம் வந்துவிடும். ஓய்வூதியம் வரைக்கும் கணக்கு இருந்தது. இன்றைய கிளப் கால்பந்தில் பணம் அதிகம், ஆனால் அந்தத் தரை இல்லை. 2025 ஆகஸ்டில் ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதா என்ற குழப்பத்தில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணிக்கான சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. சென்னையின் எஃப்.சி.யும் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. அங்கே கோச்சோடு யாருக்கும் சண்டை இல்லை. ஆனாலும் ஆட்டக்காரன் வீட்டில்தான் உட்கார்ந்தான்.

கையெழுத்துக்குப் பின்னால்

காசிமேட்டு விசைப்படகுகளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். முதலாளியிடம் முன்பணம் வாங்கிய ஆள், சண்டை வந்துவிட்டது என்பதற்காக அடுத்த நாளே வேறு படகில் ஏறிவிட முடியாது. வாங்கியதைத் தீர்க்க வேண்டும், இல்லை ஏற்றிக்கொள்கிற புது முதலாளி அதைக் கட்ட வேண்டும். கால்பந்து ஒப்பந்தமும் இதே கணக்குத்தான், தொகைதான் வேறு.

எவ்வளவு வேறு என்பதற்கு அன்வர் அலியின் வழக்கைப் பாருங்கள். பஞ்சாப் பையன், இந்திய அணியின் தடுப்பாட்டக்காரர். இதயக் கோளாறு என்று 2019-இல் ஆடவே கூடாது என்றார்கள். நீதிமன்றம் வரை போய் மைதானத்துக்குத் திரும்பியவர். டெல்லி எஃப்.சி.யிலிருந்து நாலு ஆண்டு லோனில் மோகன் பகானுக்குப் போனார். ஓர் ஆண்டு முடிந்ததும், 2024 ஜூலையில், அந்த ஒப்பந்தத்தைத் தானே முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். செப்டம்பர் 10 அன்று கூட்டமைப்பின் குழு தீர்ப்புச் சொன்னது: நியாயமான காரணமில்லாமல் முறித்திருக்கிறார், அன்வருக்கு நாலு மாதத் தடை, மோகன் பகானுக்கு இழப்பீடு 12.90 கோடி ரூபாய், புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய ஈஸ்ட் பெங்காலுக்கும் டெல்லி எஃப்.சி.க்கும் இரண்டு விண்டோ தடை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் சில நாட்களிலேயே அந்த உத்தரவை நிறுத்தினார்கள். அன்வர் அந்த சீசன் ஆடினார். அவருக்குப் பின்னால் இரண்டு கிளப்புகளும் வக்கீல்களும் நின்றார்கள். நெம்மேலிப் பையனுக்குப் பின்னால் யார் நிற்பார்கள்?

ஃபிஃபாவின் விதிகளில் ஆட்டக்காரனுக்குச் சாதகமானவையும் உண்டு. அவை அவன் காதுக்கு எட்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இரண்டு மாதச் சம்பளம் தராமல் கிளப் நிறுத்தினால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தந்த பிறகு, நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வாயால் கேட்டது கணக்கில் வராது, எழுத்தில்தான் கேட்க வேண்டும். ஒரு தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரனை ஒரு சீசன் முழுக்க அணியின் ஆட்டங்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இறக்கியிருந்தால், சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த 15 நாளுக்குள் அதையே காரணமாகக் காட்டி வெளியேறலாம். இழப்பீடு கட்ட நேரலாம், ஆனால் ஆடத் தடை வராது. இதில் ஒரு கொக்கி இருக்கிறது. ‘தேர்ந்த’ என்ற சொல்லுக்குள் 18 வயதுப் புதுப் பையன் சுலபத்தில் அடங்க மாட்டான். விதி பெரியவர்களைத்தான் முதலில் காப்பாற்றுகிறது. மிரட்டியோ தனியாகத் தள்ளி வைத்தோ ஒருவனைத் தானாக ஓட வைக்கும் நடத்தையும் விதிப்படி முறைகேடுதான், அதை நிரூபிக்க முடிந்தால் ஒப்பந்தத்தை முறிக்க அதுவே காரணம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவனோடு மூன்று ஆண்டுக்கு மேல் போட்ட ஒப்பந்தத்தை ஃபிஃபா ஏற்பதில்லை. ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதம் வந்துவிட்டால் வேறு கிளப்போடு பேசிக் கையெழுத்திடலாம்.

இந்த விதிகளும் கல்வெட்டல்ல. ரஷ்யாவின் லோகோமோட்டிவ் மாஸ்கோவில் பிரெஞ்சு ஆட்டக்காரர் லசானா தியாரா 2014-இல் கோச்சோடு மோதினார், சம்பளத்தைக் குறைக்கப் பார்த்தார்கள், அவர் வரவில்லை, கிளப் ஒப்பந்தத்தை முறித்தது. 1.05 கோடி யூரோ இழப்பீடு அவர் தலையில் விழுந்தது. பெல்ஜியத்தின் சார்லெராய் அவரை எடுக்க நினைத்தும், அந்தக் கடன் தங்கள் மேலும் விழுமோ என்று தயங்கி விட்டுவிட்டது. ஒரு சீசன் வீணானது. அவர் விடவில்லை. பத்து ஆண்டு கழித்து, 2024 அக்டோபர் 4 அன்று, ஃபிஃபாவின் அந்த விதிகளில் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபிஃபா விதியைத் திருத்த வேண்டி வந்தது. ஒரு கோச்சோடு வந்த மனஸ்தாபம் உலகக் கால்பந்தின் சட்டப் புத்தகத்தையே திருத்தியிருக்கிறது.

நெம்மேலியிலும் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பிள்ளையைப் பந்தோடு அனுப்பும் அம்மா அப்பாக்களிடம் சொல்ல எனக்கு இருப்பது இதுதான். கோச் உங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு, உங்கள் பையனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். மனதாரத்தான் சொல்வார். அவர் அடுத்த சீசன் அங்கே இருப்பாரா என்று கேளுங்கள். அவர் வாக்கு அவரோடு போய்விடும், காகிதம் மட்டும் தங்கும். அந்தக் காகிதத்தின் நகலை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். எத்தனை ஆண்டு, சம்பளம் எந்தத் தேதி, அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, லோனில் அனுப்பினால் சம்பளம் யார் தருவது, வெளியேற என்ன தொகை என்று விவரம் தெரிந்த ஒருவரை வைத்துப் படித்துப் பாருங்கள். சண்டை வந்த அன்று இரவு பையன் போனை எடுத்து எதையும் எழுதிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெர்படோவுக்கும் சாஞ்சோவுக்கும் அது தாங்கும், இவனுக்குத் தாங்காது. பயிற்சிக்குப் போவதை மட்டும் ஒருநாளும் நிறுத்த வேண்டாம். வராமல் நின்றவன் என்று எழுதிவிட்டால் நியாயம் அவன் பக்கம் இருந்தும் தோற்றுப்போவான்.

கிளப்புகளுக்கும் தமிழ்நாடு கால்பந்துச் சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. இந்தக் கரையிலிருந்து வரும் பையன்களின் ஒப்பந்தத்தை ஆங்கிலத்தோடு தமிழிலும் அச்சடித்துக் கொடுங்கள். கையெழுத்துக்கு முன் ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விடுங்கள்.